ஈ முட்டையில் தொடங்குங்கள்: கருவளர்ச்சி மரபணு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: “கருவில் மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துப்போய், மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். நான் பழ ஈயின் கருவோடு பதினோரு ஆண்டு குடித்தனம் நடத்தியவன். யோசனைகளில் ஈ வாடை கொஞ்சம் தூக்கலாக அடிக்கும். மீன்காரர்களும் சுண்டெலிக்காரர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேள்வியைப் பிடியுங்கள்

உங்கள் கண்ணில் இருக்கும் செல்லிலும் கல்லீரலில் இருக்கும் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான். எந்த மரபணு எங்கே விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. ஒற்றைச் செல்லாக இருந்த முட்டையில் இந்த ஏற்பாடு முதன்முதலாக எப்படி உண்டாகிறது? துறையின் கேள்வி அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்.

சிலருக்குப் பிறக்கும்போதே கட்டைவிரலை ஒட்டி ஆறாவது விரல் இருக்கும். அதிர்ஷ்டம் என்று சொல்லி வெட்டவும் விடமாட்டார்கள். அப்படிச் சில குடும்பங்களைச் சோதித்தபோது, விரல்கள் அமைவதில் பங்குள்ள மரபணு பழுதில்லாமல்தான் இருந்தது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற அந்த மரபணுவிலிருந்து சுமார் பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் கிடக்கும் ஒரு சிறு துண்டில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்தத் துண்டு எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. கை கால் மொட்டு விடும்போது எந்த ஓரத்தில் ஹெட்ஜ்ஹாக்கை ஏற்ற வேண்டும் என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. இப்படிப்பட்ட துண்டுகளுக்கு என்ஹான்சர் என்று பெயர். 2016இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு குழு, சுண்டெலியின் இந்தத் துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாம்பின் துண்டை வைத்தது. குட்டிகளுக்குக் கை கால் மொட்டையாக நின்றுவிட்டது. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அது எப்படித் தொலைந்தது என்பதைச் சுண்டெலியிடம் கேட்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையைப் படித்ததும் தூக்கம் கெட்டால் மேலே வாசியுங்கள். “இதில் எந்த நோய் குணமாகும்?” என்று மட்டும் தோன்றினால் அதுவும் நல்ல கேள்விதான், ஆனால் அதற்கு வேறு துறைகள் இருக்கின்றன. இங்கே வந்து அவதிப்பட வேண்டாம்.

எந்த உயிரி?

முட்டையில் தாய் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தனுப்புகிறாள். புரதங்களும், புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ.க்களும் சேர்ந்த மூட்டை அது. கரு தன் சொந்த அடுப்பை, அதாவது தன் மரபணுக்களை, பற்றவைக்கும்வரை அதை வைத்தே காலம் தள்ளும். கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும் என்பது உயிரிக்கு உயிரி மாறும். சுண்டெலியில் கரு இரண்டு செல்லாக இருக்கும்போதே அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. மனிதரில் நான்கிலிருந்து எட்டுச் செல். வரிக்குதிரை மீனில் கிட்டத்தட்ட ஆயிரம் செல் ஆனபிறகு, சுமார் மூன்று மணி நேரத்தில். பழ ஈயில் உட்கருக்கள் பதின்மூன்று முறை பிரிந்து ஆறாயிரம் அளவுக்கு வந்த பிறகுதான் முழுமூச்சாக எரிகிறது. அதுவும் இரண்டு மணி நேரச் சங்கதி.

மனிதக் கருவை விட்டுவிடுங்கள். 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்பது இந்தியாவின் 2017 நெறிமுறை. அதற்குள் செய்வதற்கே அனுமதிகளை வரிசையாக வாங்க வேண்டும். கருவும் எளிதில் கிடைக்காது. சுண்டெலி மனிதருக்குப் பக்கம், ஆனால் கரு தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது, செலவும் அதிகம். மீனின் கரு கண்ணாடி போல. பார்க்கப் பார்க்க அலுக்காது. நேரடி வீடியோவில் ஆசை உள்ளவர்கள் அங்கே போகலாம்.

முதல் உயிரியாக ஈயைத்தான் சொல்வேன். பழக்கடையில் வாழைத்தாரைச் சுற்றுமே, அந்தப் பொடி ஈ. 25 டிகிரியில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக வருவதற்குப் பத்து நாள். மூன்று தலைமுறைக்கு ஒரு மாதம். ஒரு தவறு செய்து, அதைக் கண்டுபிடித்து, மறுபடி செய்ய ஒரு பருவத் தேர்வு காலம் போதும். புதிதாக வருகிறவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது.

கையில் செல்போன் மட்டும் இருந்தால்

லேப் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஃபிளைபேஸ் என்ற இலவசத் தளத்தில் ஈயின் மரபணு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஈவன்-ஸ்கிப்டு என்ற மரபணுவைத் தேடுங்கள். லேபில் செல்லமாக ‘ஈவ்’ என்போம். மூன்று மணி நேரக் கருவில் அது எங்கே இயங்குகிறது என்ற படத்தைப் பாருங்கள். அணிலின் முதுகில் கோடு நீளவாக்கில் ஓடும். இங்கே கருவின் குறுக்கே ஏழு பட்டைகள், வேட்டிக்கரை போட்ட மாதிரி. அந்தப் படத்தை அப்படியே நோட்டில் வரையுங்கள். கிண்டல் செய்யவில்லை, வரையுங்கள். தலை எந்தப் பக்கம், வயிறு எந்தப் பக்கம் என்று வரையும்போதுதான் புரியும்.

அடுத்து அந்த ஏழில் இரண்டாவது பட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் மைக்கேல் லெவினும் ஸ்டீபன் ஸ்மாலும் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஏழு பட்டைக்கும் ஒரே உத்தரவு இல்லை. இரண்டாவது பட்டைக்கென்று ஐந்நூறு எழுத்துக்குள் அடங்கும் ஒரு தனி என்ஹான்சர் இருக்கிறது. பைகாய்டு, ஹன்ச்பேக் என்ற இரண்டு புரதங்கள் அதில் உட்கார்ந்து “எரி” என்கின்றன. தலைப்பக்கம் ஜயன்ட், வால்பக்கம் குருப்பெல் என்ற இரண்டும் உட்கார்ந்து “அணை” என்கின்றன. ஏற்றுகிற இரண்டும் இருந்து, அணைக்கிற இரண்டும் இல்லாத ஒரு குறுகிய சந்து மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் சந்துதான் இரண்டாவது பட்டை. இந்தத் துண்டை வெட்டி, நிறம் காட்டும் வேறொரு மரபணுவின் முன்னால் ஒட்டி ஈக்குள் வைத்தால், அந்த ஒரே ஒரு பட்டை மட்டும் கருவில் தெரியும்.

இந்த நான்கு புரதங்களின் பரவலையும் ஒரே தாளில் நான்கு பென்சிலால் வரைந்து, சந்து எங்கே விழுகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். இதைச் செய்துவிட்டு நேர்காணலுக்குப் போகிறவரை நான் இதுவரை யாரும் திருப்பி அனுப்பிப் பார்த்ததில்லை.

ஒருவருடைய பாதையைப் பாருங்கள்

பாடப்புத்தகத்தில் பெயர் மட்டும் வரும்: கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷவுஸ், எட்வர்ட் லூயிஸ், 1995 மருத்துவ நோபல். அதற்குள் இருக்கும் வாழ்க்கைப் பாதை மாணவர்களுக்கு உதவும்.

நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 1942இல் ஜெர்மனியில் பிறந்தவர். முனைவர் பட்டத்துக்குச் செய்தது ஈ வேலை இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வில், மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் எங்கே ஒட்டுகிறது என்ற வேலை. முப்பதைத் தாண்டியபிறகு சுவிட்சர்லாந்தின் பாசலில் வால்டர் கேரிங்கின் லேபுக்குப் போய் ஈயைக் கற்றுக்கொண்டார். வீஷவுஸைச் சந்தித்ததும் அங்கேதான். 1978இல் இருவரும் ஹைடல்பர்க்கில் ஒரு சின்ன லேபில் சேர்ந்தார்கள். ஆண் ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் பிறழ்வு உண்டாக்கும் மருந்தைக் கொடுத்து, ஆயிரக்கணக்கான வம்சங்களை வளர்த்து, பொரிக்காமல் செத்த புழுக்களின் தோலை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்க்கும் இரட்டைத்தலை மைக்ரோஸ்கோப் அது. புழுவின் வயிற்றில் வரிசை வரிசையாகப் பொடி முட்கள் இருக்கும். எந்த வரிசை காணோம், எது இரட்டித்திருக்கிறது என்பதுதான் தகவல். டி.என்.ஏ. வாசிப்பு எதுவும் கிடையாது.

1980இல் நேச்சர் இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை பதினைந்து மரபணுக்களை மூன்று வகையாகப் பிரித்தது: கெட்டால் உடம்பின் கணுக்களில் (வரிசையான உடல் துண்டுகளில்) பெரிய இடைவெளி விடுபவை, ஒன்றுவிட்டு ஒரு கணுவைக் காணாமல் போகச்செய்பவை, ஒவ்வொரு கணுவுக்குள்ளும் திசையைக் குழப்புபவை. மேலே பார்த்த ஹெட்ஜ்ஹாக்கும் அந்தப் பட்டியலில் வந்ததுதான். முள்ளெலி மாதிரி உடம்பெல்லாம் முள்ளாக இருந்த புழுவுக்கு வைத்த பெயர், பின்னால் மனித விரல்வரை வந்துவிட்டது. இதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு மரபணு ஃபூஷி தராசு. ஜப்பானியத்தில் ‘கணு போதவில்லை’ என்று பொருள்.

அந்தக் கட்டுரையை வாசியுங்கள். குறைந்த பக்கங்கள்தான். முதல் வாசிப்பில் படங்களை மட்டும் பாருங்கள். பிறகு 1988இல் வந்த பைகாய்டு கட்டுரைகள்: தாய் முட்டையின் தலைமுனையில் எம்.ஆர்.என்.ஏ.வை வைக்கிறாள், அதிலிருந்து வரும் புரதம் முன்னிருந்து பின்னுக்குத் தேய்ந்துகொண்டே போகிறது, தேய்மானத்தை வைத்தே கரு தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. தாயிடம் அந்த மரபணு இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தலையும் மார்பும் வராது.

கையைப் பழக்குவது

இனி லேபுக்குள். விடுமுறைக் காலத்தில் இரண்டு மாதமாவது ஈ லேபில் இருங்கள். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இதற்கென்றே இருக்கிறது. பெங்களூரு என்.சி.பி.எஸ்., ஐதராபாத் சி.சி.எம்.பி., மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., ஐசர்கள் (மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள்) என்று ஈ லேப்கள் பல ஊர்களில் உண்டு. நம் நாட்டில் ஈ ஆய்வுக்கு ஆழமான வேர் இருக்கிறது. டி.ஐ.எஃப்.ஆரில் விஞ்ஞானி ஒபைத் சித்திக்கி ஊன்றியது, என்.சி.பி.எஸ். அவர் எழுப்பியதுதான்.

முதல் வாரம் உங்களுக்குக் கொடுக்கப்போவது கன்னி ஈ பொறுக்கும் வேலை. கலப்புக்கு எடுக்கும் பெண் ஈ ஏற்கெனவே வேறு ஆணோடு சேர்ந்திருந்தால் முடிவு முழுக்கக் கெட்டுப்போகும். 25 டிகிரியில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் அது சேராது. 18 டிகிரியில் வைத்தால் இரவு முழுக்கத் தாங்கும். அதனால் மாலையில் பாட்டிலில் உள்ள ஈக்களை எல்லாம் கொட்டிவிட்டு 18இல் வைத்து, காலையில் வந்து எடுப்பார்கள். கார்பன் டை ஆக்சைடில் மயங்கிக் கிடக்கும் ஈக்களைத் தூரிகையால் புரட்டிப் பாருங்கள். புதுசு வெளுப்பாக, சற்று ஊதி, வயிற்றுத் தோலுக்குள் கரும்பச்சைப் பொட்டோடு இருக்கும். சந்தேகம் வந்தால் எடுக்காதீர்கள். ஒன்று குறைந்தால் பரவாயில்லை, ஒன்று கெட்டது சேர்ந்தால் ஒரு மாதம் போச்சு.

அடுத்தது முட்டை எடுப்பது. இந்தத் துறையில் நேரம்தான் எல்லாம் என்பதை இங்கேதான் உடம்பு கற்றுக்கொள்கிறது. வலை போட்ட கூண்டில் ஈக்களை விட்டு, அடியில் திராட்சைச் சாறு கலந்த அகர் தட்டு, நடுவில் ஈஸ்ட் விழுது. ஈஸ்ட் வாசம் பட்டால்தான் முட்டை இடும். முதல் ஒரு மணி நேரத் தட்டைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். இடம் பிடிக்காத ஈ கருவுற்ற முட்டையை வயிற்றுக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கும். அந்தத் தட்டில் ஒன்றின் வயது அரை மணி, இன்னொன்றின் வயது ஆறு மணி. இரண்டாவது தட்டிலிருந்துதான் கணக்கு. இரண்டு மணி நேரம் இடவிட்டு, இரண்டு மணி நேரம் வளரவிட்டால், கையில் இருப்பவை இரண்டிலிருந்து நான்கு மணி நேரக் கருக்கள். ஈவ் பட்டைகள் அதற்குள் வரும்.

பிறகு தோல் உரிப்பது. முட்டைக்கு வெளியே கோரியான் என்ற ஓடு. ஐம்பது சதவீத பிளீச்சில் இரண்டு நிமிடம் போட்டால் கரையும் என்று எல்லா நெறிமுறைத் தாளிலும் இருக்கும். நான் முதல் ஆண்டில் தாளை நம்பினேன். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம், சுத்தமாகக் கழுவி, ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, மூன்று நாள் சாயம் ஏற்றி, கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் இல்லை. வெள்ளை வெளேர். மறுபடி செய்தேன். மறுபடி. மூன்று வாரம் ஓடியது. ப்ரோப் (மரபணுவின் செய்தியைத் தேடி ஒட்டும் துண்டு) கெட்டுவிட்டது என்று புதிதாகச் செய்தேன், ஆன்டிபாடியைத் திட்டினேன். கடைசியில் லேப் சீனியர் அக்கா ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று, “தம்பி, கொம்பு போச்சான்னு பாத்தியா?” என்றார்.

கொம்பா? ஈ முட்டையின் தலைப்பக்கத்தில் இரண்டு பொடிக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். முட்டை ஈரத்துக்குள் முங்கினாலும் மூச்சு விடுவதற்கு. அவை கோரியானின் பகுதி. பிளீச்சில் கொம்பு கரைந்தால்தான் ஓடு கரைந்ததாக அர்த்தம். எங்கள் பிளீச் பாட்டில் திறந்து பல மாதம் ஆகி வீரியம் போயிருந்தது. இரண்டு நிமிடத்தில் கொம்பு அப்படியே இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேனே தவிர முட்டையைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பிளீச் பாட்டிலில் திறந்த தேதியை எழுதுகிறேன், கொம்பையும் பார்க்கிறேன்.

அதற்கப்புறம் ஹெப்டேனும் பதப்படுத்தும் திரவமும் சேர்ந்த குப்பியில் இருபது நிமிடம் ஆட்டுங்கள். மேலே ஒரு திரவம், கீழே ஒரு திரவம், இரண்டுக்கும் நடுவில் கருக்கள் மோர்மேல் வெண்ணெய் போல மிதக்கும். கீழ்த் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு மெத்தனால் ஊற்றி ஒரு நிமிடம் கை வலிக்கக் குலுக்குங்கள். உள்தோலும் கிழிந்த கரு அடியில் உட்காரும். அடியில் உட்கார்ந்ததை மட்டும் எடுங்கள்; நடுவில் நிற்பதற்கு ஆசைப்பட வேண்டாம்.

நுழைவுத் தேர்வும் லேப் தேர்வும்

தேர்வுகளைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன்; பயிற்சி மையங்கள் சொல்லும். சி.எஸ்.ஐ.ஆர். நெட், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையான டி.பி.டி.யின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தேர்வு, கேட், டி.ஐ.எஃப்.ஆர். நடத்தும் தேர்வு ஆகியவை முக்கிய வாசல்கள். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனபின் 42,000. பணம் சில மாதம் தாமதமாகவும் வரும். கையில் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொண்டு சேருங்கள். வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

லேப் தேர்ந்தெடுக்கும்போது கட்டுரைகளை எண்ணாதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: கைடு கடைசியாக எப்போது உங்களோடு மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தார்? இங்கிருந்து போனவர்கள் எத்தனை ஆண்டில் போனார்கள்? பதில் வர நேரமானால் அதுவே பதில்.

கணினி கற்றுக்கொள்வது இனி விருப்பப்பாடம் இல்லை. ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு எரிகிறது என்று காட்டும் தனிச்செல் ஆர்.என்.ஏ. தரவு மலைபோல் வருகிறது. ஆர் அல்லது பைத்தான், ஏதாவது ஒன்றை ஒழுங்காக. படங்களை அளக்க ஃபிஜி என்ற இலவச மென்பொருள். இயற்பியல், பொறியியல் படித்தவர்களுக்கு இங்கே நல்ல மரியாதை. மரபணு எரிவதும் அணைவதும் உயிருள்ள கருவிலேயே நிமிடத்துக்கு நிமிடம் தெரியும் வீடியோக்கள் 2013இலிருந்து வருகின்றன. அவற்றைப் பகுக்கக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் கணினியிலிருந்து தொடங்கி ஈயைத் தொடாமலே முடிக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். அவர்கள் தரவில் கொம்பு போகாத முட்டை கலந்திருந்தால் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆய்வுத் தலைப்பு

முதல் தலைப்பைச் சின்னதாக வையுங்கள். ஒரு மரபணு, ஒரு என்ஹான்சர், ஒரு நேரம். துண்டை நீக்கினால் என்ன ஆகிறது என்பதோடு, துண்டைத் தனியாக வைத்தால் அது வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள். நீக்கினால் போகிறது என்றால் அது தேவை. தனியே வைத்து வருகிறது என்றால் அதுவே போதும். தேவையும் போதுமானதும் வேறு வேறு என்பதில் குழம்பி வைவாவில் வியர்த்தவர்கள் பலர்.

மரபணு மாற்றிய ஈ செய்ய உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு ஒப்புதல் வேண்டும். தலைப்பு முடிவான வாரமே விண்ணப்பியுங்கள். அமெரிக்காவின் புளூமிங்டன் ஈ மையத்திலிருந்து ஸ்டாக் (வளர்த்துக் காக்கும் ஈ வம்சம்) வரவழைப்பதாக இருந்தால் வெயில் காலத்தைத் தவிருங்கள். ஏப்ரலில் எனக்கு வந்த ஒரு பெட்டியில் பதினான்கு குப்பி. பன்னிரண்டில் ஈ செத்து, உணவு உருகிப் பஞ்சில் ஒட்டியிருந்தது. மீதி இரண்டில் புழு மட்டும் நெளிந்தது. அந்தப் புழுக்களில் ஒன்றுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்.

முடித்துக் கிளம்பும்போது

போஸ்ட்டாக்குக்கு (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு) உயிரியையோ கேள்வியையோ மாற்றுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். இந்தத் துறையில் எல்லோரும் பேராசிரியர் ஆவதில்லை. மரபணு ஆலோசனை, மருத்துவமனை மரபியல் ஆய்வகம், அறிவியல் எழுத்து, மைக்ரோஸ்கோப் நிறுவனங்கள் என்று போனவர்கள் என் வட்டத்திலேயே பாதிக்கு மேல். அவர்களில் யாரும் தோற்றுப்போனதாக நான் நினைக்கவில்லை.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் ஸ்டாக்குகளை ஒப்படைக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு குப்பியிலும் மரபணு வகை முழுதாக, பென்சிலில். பேனா மை ஆல்கஹால் பட்டால் ஓடிவிடும். சுருள் இறக்கை வைத்த பேலன்சர் (பிறழ்வு தொலையாமல் காக்கும் குரோமோசோம்) இன்னும் அதில் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை ஈயை மயக்கிப் பாருங்கள். பழைய குப்பியை உடனே கழுவிவிடாதீர்கள். புதியதில் புழு ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தபிறகு கழுவலாம்.